உபன்யாஸ் பில்குல் நஹீ

எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நான். இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. கொலை செய்தது யார் என்று தெரியாமல் இருநூறு பக்கம் காத்திருக்க என்னால் முடியாது. முதலில் கொலைகாரனைத் தெரிந்துகொண்டு, பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, அவன் எவ்வளவு நல்லவன்போல நடிக்கிறான் என்று ரசித்துக்கொண்டே படிப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பிள்ளையார் சுழிக்குப் போவேன். (எங்கள் ஜாதகப் பொருத்தத்தின்போது மாப்பிள்ளையின் ஆயுளை முதலில் பார்க்கச் சொன்னேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லுவார். பொய். இரண்டாவதாகத்தான் பார்க்கச் சொன்னேன்.)

இப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுபோய் அந்தமானில் வைத்தார்கள். அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் போர்ட் பிளேயரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. வீடு கிடைத்தது எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தினமும் காலையில் ஃபெர்ரி ஏறி, போர்ட் பிளேயர் துறையான சாத்தம் போய், சாயங்காலம் ஃபெர்ரி ஏறித் திரும்பி வருவார். மற்றது எல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். வெங்காயம், கடுதாசி, மாமனார், வாரப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் ஒரே கப்பல்தான். அது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். கடல் கோபித்துக்கொண்டால் மாதம்கூட ஆகும்.

தொடர்கதையில் கதாநாயகி கிணற்று விளிம்பில் நிற்கும்போது 'தொடரும்' போட்டுவிடுவார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு ஒரு வாரத் தவிப்பு. எங்களுக்கு அவள் மழைக்காலம் முழுக்கக் கிணற்று விளிம்பிலேயே நிற்பாள். கப்பல் வந்ததும் நாலு இதழும் ஒரே கட்டாக வரும். நான் நாலாவது இதழைத்தான் முதலில் பிரிப்பேன்.

எங்கள் தீவு வாழ்க்கையில் வாசகிகள் என்று நாலு பேர் சேர்ந்திருந்தோம். போர்ட் பிளேயர் ஷாதிபூரில் இருந்த ராஜம் மாமிக்குக் குடும்பக் கதைதான் வேண்டும். மாமியார் கொடுமை, காச நோய், கடைசியில் ஒரு சாவு. "கண்ணுல ஜலம் வரலேன்னா அது என்ன கதை, நியூஸ் பேப்பர் படிச்சுட்டுப் போறேன்" என்பார். அதே தெருவில் இருந்த டைப்பிஸ்ட் மீனாட்சிக்குக் காதல் கதை. கதாநாயகன் நல்ல உயரமாக இருக்க வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு நிபந்தனை கிடையாது. எனக்குத் துப்பறியும் கதை. இருக்கிற புத்தகங்கள் நாலு வீட்டுக்கும் சுற்றிச் சுற்றி வரும். என் முறை வரும்போது மட்டும் ராஜம் மாமி கடைசி அத்தியாயத்தை ஊக்கு போட்டுக் குத்தி அனுப்புவார். ஏனென்றால் நான் முடிவைப் படித்தால் அதோடு விட மாட்டேன். ஃபெர்ரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவேன். "அந்த டாக்டர்தான் மாமி கொலைகாரன்" என்று சொல்லி மாமியின் மூன்று மாத நிம்மதியை ஒருமுறை கெடுத்திருக்கிறேன்.

நாலாவது ஆள் சொர்ணம் அக்கா. திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரர் பாம்பூஃப்ளாட்டில் எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அக்கா அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவர். அவருக்குக் காதல் கதை, குடும்பக் கதை என்ற பேதமெல்லாம் கிடையாது. அவர் வாழ்க்கையில் படித்தது ஒரே ஒரு நாவல், அதுவும் பாதி.

முதல் தடவை கப்பலில் வரும்போது யாரோ விட்டுவிட்டுப் போன புத்தகம் அது. நாலு நாள் வாந்திக்கு நடுவே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மாலதி என்கிற கதாநாயகி ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிறாள். கையில் காதலன் எழுதிய கடிதம், பிரிக்கவில்லை. ரயில் நகர்கிறது. 'இரண்டாம் பாகத்தில் காண்க' என்று போட்டு முடித்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் எதுவுமே தெரியாத அந்தப் புத்தகத்தை எனக்குப் பார்க்கவே ஆகாது. இரண்டாம் பாகம் கேட்டு அக்கா தன் தம்பிக்கு எழுதினார். தம்பி சிரத்தையாகத் தேடி வாங்கி அனுப்பினார். பிரித்தால் அதுவும் முதல் பாகம். ஆக அக்காவிடம் இரண்டு முதல் பாகம் இருந்தது. ஒன்றை வடக்கே ரங்கத் என்ற ஊரில் இருந்த நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பினார். நாத்தனாரும் படித்துவிட்டு, "கடுதாசியில என்ன மதினி?" என்று கேட்டு எழுதினார். இப்போது தவிக்கிறவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

"நாலு வருசமாச்சு வசந்தி. சோத்த வடிக்கும்போதும் அந்தப் பிள்ள பிளாட்பாரத்துல நிக்குதது மாரியே இருக்கு. அவன் வரச் சொல்லி எழுதினானா, வராதன்னு எழுதினானா?" என்று அக்கா கேட்பார். எனக்கு என்ன தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாத்தூர் மேம்சாப் வந்து சேர்ந்தார். பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி, வடக்கே பிறந்து வளர்ந்தவர். (மாத்தூர் என்றதும் சொர்ணம் அக்கா, "நம்ம ஊருப் பக்கத்து மாத்தூரா?" என்று ஆசையோடு விசாரித்தார்.) அவர் வந்ததும் மகளிர் மன்றத்தில் ஒரு புத்தக அலமாரி வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. வங்காளிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், மலையாளப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் பாஷைக்கு நாற்பது புத்தகம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாங்குவார்கள். ஒவ்வொரு பாஷையிலிருந்தும் ஒருத்தி வந்து என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று மேம்சாபிடம் சொல்ல வேண்டும்.

தமிழுக்கு நான் போனேன். எனக்கு இந்தி தெரியும் என்பது ஊரில் பொதுவான நம்பிக்கை. அதைப் பரப்பியவளும் நான்தான்.

என் இந்தி மீன்காரனிடம் கற்றது. விலை கேட்க, மறுக்க, திட்ட அது போதும். அதற்கு மேல் வேண்டுமானால் என்னிடம் ஒரு சூத்திரம் இருந்தது. தமிழில் இருக்கிற வடமொழி வார்த்தையை எடுத்து வாலை நறுக்கினால் இந்தி. புஸ்தகம், புஸ்தக். தினம், தின். மனம், மன். பத்துக்கு எட்டு பழுதில்லாமல் ஓடும். மீதி இரண்டில்தான் ஆபத்து. எதிர் வீட்டு வங்காளி அம்மாள் தன் புருஷனுக்கு 'சிக்ஷா பிபாக்'கில் வேலை என்றாள். சிக்ஷை என்றால் தண்டனைதானே. பழைய ஜெயில் காலத்து இலாகா ஏதோ இன்னும் மிச்சம் இருக்கிறது போலும் என்று நினைத்தேன். ஆறு மாதம் அந்த மனிதரைக் கண்டால் பயந்து ஒதுங்கிப் போனேன். ஒரு நாள் சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு வந்தபோதுதான் அவர் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்தது. சிக்ஷா என்றால் இந்தியில் படிப்பாம். அப்போதே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

கிளம்பும் நாள் மூன்று பேரும் என்னை வழியனுப்பினார்கள். ராஜம் மாமி, "நன்னா அழறாப்போல கேளு" என்றார். மீனாட்சி, "அக்கா, ஒசரம்" என்று மட்டும் சொன்னாள். சொர்ணம் அக்கா ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து செய்து கையில் கொடுத்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ட்டி. எம் பங்கு பத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க. அந்த ரெண்டாம் பாகம் ஒண்ணு மட்டும் சொல்லிரு."

"அதான் முதல்ல சொல்லப் போறேன் அக்கா."

"மறந்துர மாட்டியே?"

மறக்கவில்லை. இதை எங்கேயும் சத்தியம் செய்து சொல்லுவேன். மறந்திருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது.

மேம்சாப் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு புத்தகம் கவிழ்த்து வைத்திருந்தது. உலகத்தில் எந்தப் புத்தகத்தையும் திருப்பிப் பார்க்காமல் விடாத நான், அன்றைக்கு மரியாதைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே கால் ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

அவர் சிரித்த முகத்தோடு, "உபன்யாஸ் தோ சாஹியே ஹோகா?" என்று ஆரம்பித்தார். உபன்யாஸ் வேண்டியிருக்குமே?

வாலை ஒட்டிப் பார்த்தேன். உபன்யாசம். எங்கள் ஊர்க் கோயிலில் வருஷா வருஷம் பத்து நாள் நடக்கும். அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள். உபன்யாசகர் ஒரு சுலோகத்தை எடுத்தால் பெட்டிக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் அதே சுலோகத்தில்தான் இருப்பார். தூணில் தலையை முட்டிக்கொண்டு தூங்கியே அந்தப் பத்து நாளையும் கழித்தவள் நான். கடல் தாண்டி வந்தும் விடவில்லையே என்று நினைத்து, மீன்காரனிடம் பேசும் உறுதியோடு சொன்னேன்.

"உபன்யாஸ் நஹீ மாங்தா, மேம்சாப்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏக் பீ நஹீ?" ஒன்றுகூட வேண்டாமா என்கிறார்.

"பில்குல் நஹீ." அடியோடு வேண்டாம். (விலை பேசும்போது மீன்காரன் எனக்குச் சொல்லும் வார்த்தை இது. எங்கேயாவது பயன்படுத்த வேண்டும் என்று வெகு நாளாகக் காத்திருந்தேன்.)

"தோ ஃபிர் க்யா?" பின்னே என்னதான் வேண்டும்?

மறுபடியும் சூத்திரத்தைப் போட்டேன். கதை. ஐகாரத்தை நறுக்கினால் கதா.

"கதா மாங்தா. சிர்ஃப் கதா." கதை மட்டும்தான்.

மேம்சாப் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வெயில் என்று நினைத்தேன். "தன்ய ஹோ, பெஹன்", நீ புண்ணியவதி சகோதரி என்று என் கையைப் பிடித்து, மேஜையில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தைச் சட்டென்று எடுத்து நாற்காலித் தலையணைக்கு அடியில் செருகினார். அதையும் பார்த்தேன். பார்த்தும் புத்தி வரவில்லை.

அப்புறம் அவர் மெட்ராஸ் புத்தகக் கடைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். நான் இரண்டாம் பாகத்தின் பெயரைச் சொன்னேன். முதல் வரியில் எழுதச் சொன்னேன், எழுதினார். "இதுவும் கதாவா?" என்று கேட்டார். "படீ கதா, மேம்சாப்" என்றேன். பெரிய கதை. முந்திரிக்கொத்தில் நாலு எடுத்து அவருக்கும் கொடுத்துவிட்டு, வெற்றியோடு ஃபெர்ரி ஏறினேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் நானும் சாத்தம் போய் நின்றேன். பெட்டி இறங்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்ததில் சாமான் இறக்கும் கலாசி ஒருவன், "மேம்சாப், ஆத்மி ஆனேவாலா ஹை க்யா?" என்றான். யாராவது ஆள் வரப்போகிறாரா என்று. வீட்டில் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, நான் ஜன்னலில் நின்றேன். என் வீட்டுக்காரர், "நீ நடக்கிற நடைக்கு நேராப் போயிருந்தா இந்நேரம் மெட்ராஸே வந்திருக்கும்" என்றார். சொர்ணம் அக்காவோ நிதானமாக, இரண்டாம் பாகம் வரும்போது கதை விட்டுப்போகக் கூடாது என்று முதல் பாகத்தை முதலிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார். கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நாலு பக்கம். சரியாகக் கணக்குப் பண்ணி, பெட்டி வந்த வாரம் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

மன்றத்தில் விழா வைத்தார்கள். பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. வங்காளிப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் தங்கள் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அள்ளிக்கொண்டு போனார்கள். மேம்சாப் தமிழ்ப் பெண்களைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சொற்பொழிவு செய்தார். எனக்கு அதில் பாதி புரிந்தது. எல்லாரும் எங்களை நோக்கிக் கும்பிட்டார்கள். ராஜம் மாமி, "என்னத்துக்குடி கும்பிடறா?" என்றார். "நம்ம ரசனைக்கு மாமி" என்றேன்.

எங்கள் பெட்டி திறந்தது. மேலே ஏகாதசி விரத மகிமை. அதன் கீழே சோமவார விரத மகிமை. அதன் கீழே பிரதோஷ மகிமை, துளசி மகாத்மியம், கார்த்திகை மகாத்மியம். அடியில் வேறு ஏதாவது இருக்கும் என்று நான் இரண்டு கையாலும் தோண்டினேன். வழக்கம்போலக் கடைசியைத்தான் நம்பினேன். கடைசியில் ஸ்தல புராணம் நாலு இருந்தது. நாற்பதிலும் ஒரு கொலை கிடையாது, ஓர் உயரமான ஆள் கிடையாது.

ராஜம் மாமி ஒரு விரத மகிமையைப் புரட்டினார். "ஏண்டி வசந்தி, நேக்கு அழறதுக்குன்னு வாங்கிண்டு வந்தியே, இதானா? சரி, அழுகை வரது."

புத்தகக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் மேம்சாபிடம் ஓடினேன். "மேம்சாப், இது எல்லாம் உபன்யாஸ்" என்றேன்.

அவர் பதறிவிட்டார். "நஹீ பெஹன், ஒரு உபன்யாஸ்கூட வரக் கூடாதென்று அடிக்கோடு போட்டு எழுதினேனே. இது எல்லாம் கதா" என்று இந்தியில் சொன்னார்.

"கதா நஹீ, மேம்சாப். உபன்யாஸ்."

"உபன்யாஸ் நஹீ, பெஹன். கதா."

இப்படி நாங்கள் இரண்டு பேரும் மன்றத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் அவர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், குற்றவாளி மாதிரித் தாழ்ந்த குரலில், உங்களைப்போலப் பக்தியெல்லாம் எனக்கு இல்லை, நான் பாவி, நான் படிப்பது உபன்யாஸ்தான் என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புத்தகம். அட்டையில் ஒரு பெண், ஒரு கைத்துப்பாக்கி, தரையில் ரத்தம். தலையணைக்கு அடியில் போன அதே புத்தகம்.

"யே ஹை உபன்யாஸ்" என்றார்.

தரை நகர்ந்தது. இந்தியில் உபன்யாஸ் என்றால் நாவல். இந்தியில் கதா என்றால், தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு விளக்கு ஏற்றிக் கேட்கிற புண்ணியக் கதை. நாற்பது நாவலை ஒருத்தி ஆசையோடு நீட்டியிருக்கிறாள், நான் பில்குல் நஹீ என்று சொல்லித் தள்ளிவிட்டு விரத மகிமை கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அதுவும் என்னைப்போலவே துப்பறியும் கதை படிக்கிறவளிடம்.

எல்லாவற்றையும் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று என் பெண் கேட்பாள். விளக்கிச் சொல்லும் அளவுக்கு இந்தி தெரிந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது. அதற்குள் மேம்சாப் என் கையில் ஒரு விரத மகிமையைக் கொடுத்து, மணையில் உட்காரவைத்து, விளக்கேற்றி, கொஞ்சம் கதா சொல்லுங்கள் என்றுவிட்டார். அத்தனை பேரும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தமிழ் தெரியாத முப்பது பெண்களுக்கு நான் ஒரு மணி நேரம் ஏகாதசி விரத மகிமை வாசித்தேன். மீனாட்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்தி என்று நினைத்துப் பக்கத்து வங்காளிப் பெண் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கடைசியில் நாலைந்து பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதிலிருந்து நான் போர்ட் பிளேயரில் 'கதா வாலீ பெஹன்', புண்ணியக் கதை சொல்லும் சகோதரி. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மன்றத்தில் எனக்கு மணை போட்டார்கள். தூணில் முட்டித் தூங்கியவளுக்கு இது வேண்டியதுதான்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு வராத ஒன்றும் அந்தப் பெட்டியில் இருந்தது. கடைக்காரன் வைத்த பட்டியல். அதை மீனாட்சி எடுத்துப் படித்தாள். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. முதல் வரியில் இரண்டாம் பாகத்தின் பெயர். அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் குறிப்பு. 'இது நாவல் ஆகையால் தங்கள் கட்டளைப்படி நீக்கப்பட்டது.'

அவனிடம் புத்தகம் இருந்திருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறான். நான் சொன்ன 'பில்குல் நஹீ'க்காகத் திரும்ப எடுத்துவிட்டான்.

திரும்பும்போது ஃபெர்ரியில் சொர்ணம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத இங்கிலீஷைப் பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு அவமானமாக நான் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் உணர்ந்ததில்லை.

"இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கதுதானே அது?"

"ஆமா அக்கா."

"பேரு தெளிவாத்தான் போட்டிருக்கான்" என்றார். சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. அடுத்த வாரமே ஃபெர்ரியில் அவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பாகத்தை நானே சொல்ல ஆரம்பித்தேன். மாலதி கடிதத்தைப் பிரிக்கிறாள், உள்ளே ரகசியக் குறியீட்டில் ஒரு வாசகம், ஸ்டேஷன் மாஸ்டர் பொய் மீசை வைத்திருக்கிறார். அக்கா சாத்தம் வரும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"வசந்தி, நல்லாத்தான் சொல்லுத. ஆனா இது ஒன் கடுதாசி. எனக்கு அவ கடுதாசி வேணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறு வருஷம் என்னை மன்றத்துப் பக்கமே விடவில்லை. மீனாட்சி இங்கிலீஷில் டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேம்சாபுக்கு ஆச்சரியம். பாவம், தமிழ்ப் பெண்களுக்கு ஒரே வருஷத்தில் பக்தி குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டதாகக் கேள்வி.

அந்தப் பெட்டி வருவதற்குள் இவருக்கு மாற்றல் வந்துவிட்டது. மெயின்லேண்டுக்கு. நாங்கள் போக வேண்டிய கப்பலிலேயே பெட்டியும் வந்து இறங்கியது. கப்பல் துறைமுகத்தில் நாலு நாள் நிற்கும். பெட்டியில் முதலில் இருந்தது இரண்டாம் பாகம். அதை அக்காவின் கையில் கொடுத்தபோது அவர் அட்டையைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

எனக்குக் கை அரித்தது. "அக்கா, ஒரே நிமிஷம். கடுதாசி வர்ற பக்கத்தை மட்டும் பாத்துட்டுத் தரேன்."

"கைய எடு."

அக்கா மூன்று நாள் கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டுப் படித்தார். நான் சாமான் கட்டுவதை இவரிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டு வாசலில் நடந்தேன். உப்பு வாங்கப் போனேன், புளி வாங்கப் போனேன். மறுநாள் கப்பல் ஏறப் போகிறவளுக்கு எதற்கு இரண்டு கிலோ புளி என்று கடைக்கார அண்ணாச்சியே கேட்டுவிட்டார். உள்ளே ஜன்னலோரம் அக்கா ஒருமுறை சிரித்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, கடுதாசியில என்ன?"

"பொறுட்டி. நாளைக்குக் கப்பலடிக்கு வாரேன்."

வந்தார். முந்திரிக்கொத்து டப்பா ஒன்றும், ஒட்டிய கவர் ஒன்றும் கொடுத்தார். "எல்லாம் இதுல எழுதியிருக்கேன். மெட்ராஸ் போய்ச் சேந்த பொறவுதான் பிரிக்கணும். எம் மேல சத்தியம்" என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அவரை விட்டுவிட்டுப் போகிற துக்கம் உண்மை. கையிலிருந்த கவரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே அழுததும் உண்மை.

கப்பல் சங்கு ஊதியது. கரையில் அக்கா கை ஆட்டிக்கொண்டிருந்தார், முகம்கூட இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நான் இவர் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டு கவரைப் பிரித்தேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், ஒரே வரி.

'இரண்டாம் பாகத்தில் காண்க.'

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் எப்போது பிரிப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஃபெர்ரியில் நான் முடிவு சொல்லிக் கெடுத்த அத்தனை பேருக்கும் சேர்த்துப் பழி வாங்கியாகிவிட்டது.

மெட்ராஸில் பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் தேடினேன். முதல் பாகம்தான் கிடைத்தது, அதுவும் இரண்டு தடவை. (இப்போது என்னிடமும் இரண்டு இருக்கிறது.) ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவுக்கு வாழ்த்தோடு கேட்டு எழுதினேன். தென்னை காய்த்தது, மகன் காலேஜில் சேர்ந்தது, நாத்தனாரும் படித்து முடித்தது எல்லாம் விவரமாகப் பதில் வரும். அது மட்டும் வராது. என் பெண் கல்யாணத்துக்கு அக்கா கப்பலேறி வந்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, நான் அவரைச் சமையல்கட்டு ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இத்தனை வருஷமாச்சு. இப்பவாவது சொல்லுங்க. வரச் சொல்லி எழுதினானா, வராதேன்னு எழுதினானா?"

அக்கா என் நெற்றிக் குங்குமத்தைச் சரி பண்ணினார். "உபன்யாசமா கேக்க?" என்றார். "பில்குல் நஹீ."

பின்னாலேயே வந்த இவரும் சம்பந்தி வீட்டாரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எது கேட்டாலும் கிடைக்கிற பதில் அதுதான். இரண்டாவது தடவை காப்பி கேட்டாலும் அதுதான், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாலும் அதுதான். என் பேரன் அதைத் தமிழ் என்றே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சரிடம் சொல்லி உதை வாங்கி வந்தான். அது தமிழ் இல்லை, இந்தி என்று நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு இந்தி தெரியும் என்று இந்த வீட்டில் இனி யார் நம்புவார்கள்?